தன்வினையை நடிக்காதீங்க, பிறவினையை நடிங்க

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். அனுப்பினவங்க ஐ.டி. கம்பெனியில வேலை பார்க்கற ஒரு நேயர். ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு இருபது நிமிஷ நாடகம் போடறாங்களாம். அதுல ஒரு அண்ணன் தங்கச்சி சண்டை வருது. அவங்க சொன்னது இதுதான்: "நான் கத்தறேன், அழறேன், எல்லாம் பண்றேன். எதிர்ல அண்ணனா நடிக்கறவர் கரண்ட் கம்பம் மாதிரி நிக்கறார். அவரை எப்படி ரியாக்ட் பண்ண வைக்கறது? ஒரு தடவை நிஜமாவே பளார்னு விட்டா சரியாயிடுமோன்னு தோணுது."

அறையாதீங்க. ஏன் கூடாதுங்கறதைக் கொஞ்சம் தள்ளி விரிவா சொல்றேன். ஆனா கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. மேடையில எதிர்ல நிக்கற நடிகரை நாம எப்படி பாதிக்கறது? அவர்கிட்டேர்ந்து உண்மையான ஒரு அசைவை எப்படி வாங்கறது?

நான் நடிப்புப் பள்ளியில படிச்சவன் இல்ல. பகல்ல கோட் எழுதறேன், சாயங்காலம் சென்னையில ஒரு சின்னக் குழுவோட நாடக ஒத்திகைக்குப் போறேன். சொந்த ஊர் திண்டிவனம், இன்ஜினியரிங் படிச்சது விழுப்புரத்துல. அந்தப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஒரு வசதி உண்டு. கோடை வந்தா சுத்துப்பட்டுல ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து நடக்கும். 2024ல வந்த 'ஜமா' படம் பார்த்தவங்களுக்கு அந்த உலகம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். இன்னைக்கு நான் சொல்லப்போற உத்திகள்ல பாதி ரஷ்யா, அமெரிக்கா, இங்கிலாந்துலேர்ந்து வந்தவை. மீதியைப் புரிஞ்சிக்க செஞ்சி ரோட்டுல இருக்கற ஏதாவது ஒரு ஊர்ல ஒரு ராத்திரி உட்கார்ந்தா போதும்.

ஹார்ட்கோட் பண்ணின நடிப்பு

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்ப்போம். புதுசா நடிக்க வர்றவங்க வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு தயார் பண்ணுவாங்க. இந்த வரியில கோபம், அடுத்த வரியில கண்ணீர், மூணாவது வரியில குரல் உடையணும். மேடைக்கு வந்ததும் அதை அப்படியே ஓட்டுவாங்க. எங்க தொழில் பாஷையில இது ஹார்ட்கோட் பண்றது. எந்த இன்புட் வந்தாலும் அதே அவுட்புட்தான். எதிர்ல இருக்கறவர் சிரிச்சாலும் சரி, திரும்பிக்கிட்டாலும் சரி, இவங்க மூணாவது வரியில குரலை உடைச்சிடுவாங்க.

ரெண்டு பேரும் இப்படித் தயார் பண்ணிட்டு வந்தா, மேடையில ஒரே நேரத்துல ரெண்டு தனி நடிப்புதான் ஓடும். பார்க்கறவங்களுக்கு ஏன்னு சொல்லத் தெரியாது, ஆனா "ஏதோ ஒட்டலையே"ன்னு படும்.

பார்வையாளர் ஒரு காட்சியை எப்படி நம்பறார்? பேசறவர் முகத்தை மட்டும் பார்த்து இல்ல. அந்தப் பேச்சு கேக்கறவர் முகத்துல என்ன பண்ணுதுன்னு பார்த்துத்தான். நீங்க எவ்வளவு கோபமா இருக்கீங்கங்கறதை உங்க கத்தலைவிட, எதிர்ல இருக்கறவர் பின்வாங்கற அரை அடி நல்லா சொல்லிடும். அதாவது, உங்க நடிப்புல பாதி எதிர்ல இருக்கறவர் உடம்புலதான் தெரியுது.

மாஸ்கோ ஆர்ட் தியேட்டரை 1898ல தொடங்கினவங்கள்ல ஒருத்தர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. அவரோட நடிப்புப் பாடப் புத்தகம் 1936ல ஆங்கிலத்துல வந்துச்சு. அதுல ரெண்டு அத்தியாயம் இதுக்குன்னே இருக்கு. நடிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்து வாங்கறது ஒண்ணு, எதிராளிக்குத் தக்கபடி தன் வழியை மாத்திக்கறது இன்னொண்ணு. அவர் நடிகரை 'இப்ப உனக்கு என்ன உணர்ச்சி?'ங்கற கேள்வியிலேர்ந்து 'இப்ப உனக்கு என்ன வேணும்?'ங்கற கேள்விக்குத் திருப்பிவிட்டார். உணர்ச்சியை நேரடியா உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது. ஆனா இன்னொருத்தர்கிட்டேர்ந்து ஒண்ணைப் பிடுங்கப் பார்க்க முடியும். பிடுங்கப் பார்க்கும்போது உணர்ச்சி தன்னால வரும்.

நம்ம இலக்கணத்துலயே இருக்கற நடிப்புப் பாடம்

பள்ளிக்கூடத்துல தன்வினை, பிறவினைன்னு படிச்சது ஞாபகம் இருக்கா? திருந்தினான், திருத்தினான். உருகினான், உருக்கினான். வருந்தினான், வருத்தினான். ஆடினான், ஆட்டினான். மார்க்குக்காகப் படிச்சோம், மறந்தோம். எனக்குத் தெரிஞ்சு நடிப்பைப் பத்தி இதைவிடச் சுருக்கமா ஒரு பாடம் இல்ல.

மேடையில சொதப்பற நடிகர் தன்வினையை நடிக்கறார்: நான் உருகறேன், நான் வருந்தறேன், நான் கலங்கறேன். எதிர்ல இருக்கறவருக்கு இதுல செய்ய ஒண்ணும் இல்ல, வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். நல்ல நடிகர் பிறவினையை நடிக்கறார்: நான் உன்னை உருக்கறேன், நான் உன்னை வருத்தறேன், நான் உன்னைக் கலக்கறேன். இப்ப எதிர்ல இருக்கறவர் சும்மா இருக்க முடியாது. ஒண்ணு உருகணும், இல்ல உருகாம இருக்கறதுக்காவது பாடுபடணும். ரெண்டுமே பார்க்கறவங்களுக்கு விருந்து.

இங்கிலாந்து நாடகக்காரங்க இதை ஒரு முறையாவே வச்சிருக்காங்க. மேக்ஸ் ஸ்டாஃபர்ட்-கிளார்க்னு ஒரு இயக்குநர், நடிகர்களை உட்கார வச்சு, வசனத்தோட ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துல ஒரு வினைச்சொல் எழுத வைப்பார். இந்த வேலைக்காகவே வினைச்சொற்களை மட்டும் தொகுத்து 2004ல ஒரு அகராதி வந்துச்சு. அதுக்கு ஒரு சோதனை உண்டு, அதைத் தமிழ்ல செய்யறது இன்னும் சுலபம். "நான் உன்னை..."ன்னு ஆரம்பிச்சு அந்தச் சொல்லைப் போட்டுப் பாருங்க. "நான் உன்னை மிரட்டறேன்" சரியா உட்காருது. "நான் உன்னை சோகமா இருக்கேன்" உட்காரல. உட்காராத எதையும் நடிக்க முடியாது.

உதாரணத்துக்கு உலகத்துலயே எளிமையான தமிழ் வசனத்தை எடுத்துக்கறேன்: "சாப்பிட்டியா?"

நான் உன்னைச் சமாதானப்படுத்தறேன்: "சாப்பிட்டியா?" நேத்து சண்டை போட்ட கணவன் மனைவி காலையில பேசற முதல் வார்த்தை.

நான் உன்னைக் குத்திக்காட்டறேன்: "சாப்பிட்டியா?" வேலை தேடாம பதினோரு மணிக்கு எழுந்த பையன்கிட்ட அப்பா.

நான் உன்னை வேவு பார்க்கறேன்: "சாப்பிட்டியா?" ராத்திரி எங்கே, யார்கூட சாப்பிட்டேன்னு கண்டுபிடிக்கப் பார்க்கற அம்மா.

நான் உன்னைத் தடுத்து நிறுத்தறேன்: "சாப்பிட்டியா?" பையைத் தூக்கிட்டு வாசலைத் தாண்டப் போறவளை அஞ்சு நிமிஷம் இருக்க வைக்க ஆச்சி கையில இருக்கற கடைசி ஆயுதம்.

வார்த்தை ஒண்ணுதான். வினைச்சொல் மாறினா கண் மாறுது, நிக்கற தூரம் மாறுது, கேள்விக்கு அப்புறம் காத்திருக்கற நேரம் மாறுது. முக்கியமா, "சாப்பிட்டேன்"ங்கற பதில் நாலு விதமா வருது. எதிர் நடிகர்கிட்ட நீங்க எதையும் விளக்கல, கேக்கல. ஆனா அவர் நடிப்பு மாறிடுச்சு.

ராஜாவை ராஜாவாக்கறது யார்?

இப்ப எங்க ஊருக்கு வருவோம். கூத்துல வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணின்னு ரெண்டு உண்டு. பழைய தென்னார்க்காடு, அதாவது விழுப்புரம் பக்கம், தெற்கத்தி. சிலர் தெருக்கூத்துன்னு சொல்வாங்க, சிலர் கட்டைக்கூத்துன்னு சொல்வாங்க. கிரீடம், புஜக்கட்டைன்னு மரத்துல செஞ்சு கட்டற அணிகள்லேர்ந்து வந்த பேர் அது.

ராத்திரி தொடங்கி விடியற வரைக்கும் ஓடற ஆட்டம். பாட்டு பாடம் பண்ணினது. ஆனா நடுவுல வர்ற வசனத்துல நிறைய அங்கேயே, அந்த நேரத்துலயே பிறக்கறது. நாம நினைக்கற மாதிரி ஓரத்துல நின்னு நிறுத்தித் திருத்தற இயக்குநர் கிடையாது. ஊர் ரசிச்சா ஒரு காட்சி நீளும், தூங்கினா சுருங்கும். கட்டைக்கூத்தைப் பல வருஷம் ஆய்வு பண்ணின ஹன்னே டி ப்ரூன் 1999ல எழுதின புத்தகத்தோட தலைப்புலயே இந்த நெகிழ்வைத்தான் வச்சார். அப்படின்னா, இங்க ஒரு நடிகர் இன்னொரு நடிகரை மேடையிலேயே, பார்வையாளருக்கு முன்னாடியே வழிநடத்தியாகணும். வேற வழி இல்ல.

அதுல பெரிய ஆள் கட்டியக்காரன். துரியோதனன் வர்றான்னு வச்சுக்குவோம். ரெண்டு பேர் திரை பிடிக்கறாங்க. திரைக்குப் பின்னாடியிருந்து பாட்டு. திரை விலகினதும் அத்தனை பெரிய கிரீடம், தோள்ல கட்டை, முகம் முழுக்க அரிதாரம். அடவு பிடிச்சு அரங்கைச் சுத்தி வர்றார். அவரை யாருன்னு கேக்கறதும், அவர் பெருமையைச் சொல்ல வைக்கறதும் கட்டியக்காரன்தான். அவன் குனியறான், கைகட்டறான், நடுங்கறான். அவன் குனியக் குனிய ராஜா உயர்றார். அடுத்த நிமிஷம் அதே கட்டியக்காரன் ராஜாவோட செந்தமிழைத் தப்பா காதுல வாங்கி, ஊர்ப் பேச்சுல ஒரு கிண்டல் விடறான். கூட்டம் சிரிக்குது. ராஜா இப்ப ஏதாவது செஞ்சே ஆகணும். அதட்டணும், இல்ல அவரும் சிரிச்சுட்டு சமாளிக்கணும். கட்டியக்காரன் ராஜாவுக்கு வேலை கொடுத்துட்டான்.

லண்டன்ல ராயல் கோர்ட் தியேட்டர்ல வேலை பார்த்த கீத் ஜான்ஸ்டன், 1979ல எழுதின புத்தகத்துல இதுக்கு 'ஸ்டேட்டஸ்'னு பேர் வச்சார். ரெண்டு பேர் நடுவுல எப்பவும் ஒரு சீசா பலகை இருக்கு. ஒருத்தர் இறங்கினா இன்னொருத்தர் ஏறித்தான் ஆகணும். எதிராளியை உயர்த்தணும்னா நீங்க தாழுங்க, அவரைத் தாழ்த்தணும்னா நீங்க உயருங்க. தலையை ஆட்டாம பேசறது, கண்ணை எடுக்காம பார்க்கறது, மெதுவா நகர்றது, இதெல்லாம் உங்களை உயர்த்தும். பேச்சுக்கு நடுவுல முகத்தைத் தொட்டுக்கறது, பாதி வாக்கியத்துல நிறுத்தறது, பார்வையை எடுத்துட்டுத் திரும்பத் திருட்டுத்தனமா பார்க்கறது உங்களைத் தாழ்த்தும்.

நேயரோட சண்டைக் காட்சிக்கு இதை வச்சுப் பாருங்க. தங்கச்சி கத்தறா, அண்ணன் கல்லு மாதிரி நிக்கறார். கத்தல் அவரை ஒண்ணும் பண்ணல, ஏன்னா அது ஒரே உயரத்துல ஓடுது. சண்டை உச்சத்துல இருக்கும்போது தங்கச்சி சட்டுனு பேச்சை நிறுத்திட்டுத் தரையில உட்கார்ந்துட்டா? அண்ணன் என்ன பண்ணுவார்? மேலேர்ந்து பார்த்துட்டே பேசினா கொடுமைக்காரனாத் தெரிவார், பக்கத்துல உட்கார்ந்தா தோத்துட்டார். எதைச் செஞ்சாலும் ஒரு முடிவு எடுத்தே ஆகணும். ஆனா இதை ஒத்திகையில முதல்ல செஞ்சு பாருங்க. மேடையில திடீர்னு செஞ்சா அவர் வசனத்தையே மறந்துடுவார்.

காதால நடிக்கறது

இதுவரை கொடுக்கறதைப் பத்திச் சொன்னேன். இனிமே வாங்கறது. இதுதான் கஷ்டம்.

நியூயார்க்ல சான்ஃபோர்ட் மெய்ஸ்னர்னு ஒரு ஆசிரியர் இருந்தார், 1997ல இறந்தார். அவரோட பயிற்சி பார்க்கச் சிறுபிள்ளைத்தனமா இருக்கும். ரெண்டு பேர் எதிரெதிரே உட்காரணும். ஒருத்தர் மத்தவரைப் பார்த்துக் கண்ணுல பட்டதைச் சொல்லணும்: "நீ நீலச் சட்டை போட்டிருக்க." மத்தவர்: "நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்." "நீ நீலச் சட்டை போட்டிருக்க." "நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்." இப்படியே போகணும். முதல் பத்துத் தடவை போர். அப்புறம் ஒருத்தருக்குச் சிரிப்பு வரும். மத்தவர் உடனே, "நீ சிரிக்கற." "நான் சிரிக்கறேன்." கொஞ்ச நேரத்துல, "உனக்கு எரிச்சலா இருக்கு." "எனக்கு எரிச்சலா இருக்கு!" இப்ப குரல்ல நிஜமாவே எரிச்சல் இருக்கும்.

இதுல வசனத்தை யோசிக்க வேண்டியதில்ல, அது கையிலேயே இருக்கு. அதனால மொத்தக் கவனமும் எதிராளி மேல போயிடுது. மாற்றம் நீங்க திட்டம் போட்டு வரல, அவர் செஞ்சதால வருது. இந்தப் பயிற்சி கொஞ்ச நாள் செஞ்சா, கல்லு மாதிரி நிக்கறவரும் அசைய ஆரம்பிப்பார்.

கூத்துல பின்பாட்டுக்காரங்க நடிகர் பாடின அடியைத் திருப்பிப் பாடுவாங்க. நோக்கம் வேற. ஆடறவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும், பாட்டு கடைசி வரிசை வரைக்கும் எட்டும். ஆனா அங்கேயும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கு. தான் விட்ட அடி எந்தத் தெம்போட திரும்பி வருதோ, அதைக் கேட்டுத்தான் அடுத்த அடியை நடிகர் நீட்டறார், முடிக்கறார். அவருக்கு மிருதங்கக்காரர்கூட சக நடிகர்தான்.

கேக்கறதுக்கு மூச்சும் உதவும். திண்டிவனத்துலேர்ந்து பாண்டி போற பக்கம், ஆரோவில் ஒட்டி 'ஆதிசக்தி' நாடகக் கூடம் இருக்கு. வீணாபாணி சாவ்லா மும்பையில தொடங்கி, 1990கள்ல இந்தப் பக்கம் கொண்டுவந்தது. கூடியாட்டத்துலேர்ந்து எடுத்துக்கிட்டு, உணர்ச்சிக்கும் மூச்சுக்கும் உள்ள தொடர்பை அவங்க பல வருஷமா ஆராயறாங்க. நமக்கு வேண்டிய பாடம் சின்னது: பேசறதுக்கு முன்னாடி எதிராளியோட மூச்சைக் கவனிங்க. அவர் மூச்சைப் பிடிச்சிட்டு நின்னா, அவர் காட்சிக்குள்ள இல்ல. தன் அடுத்த வசனத்தைப் பிடிச்சு வச்சிட்டிருக்கார். நீங்க ஒரு மூச்சு நிதானமா விட்டுட்டுப் பேசினா, அவரும் தன்னை அறியாம இறங்கி வர வாய்ப்பு அதிகம்.

விழுப்புரம்னு சொல்லிட்டு, 1928ல அங்க பிறந்த சிவாஜி கணேசனைச் சொல்லாம போனா ஊருக்குள்ள விட மாட்டாங்க. பெரிய நடிப்பு, பெரிய வசனம்னுதான் அவரை நம்ம தலைமுறை கிண்டல் பண்ணும். 1965ல வந்த 'திருவிளையாடல்' படத்துல தருமி காட்சியை இன்னொரு தடவை பாருங்க. நாகேஷ் கேள்வி மேல கேள்வி விட்டுத் துள்ளறார். சிவாஜி நின்ன இடத்துலேர்ந்து சின்னச் சின்னதா பதில் சொல்றார். அவரும் சேர்ந்து துள்ளியிருந்தா நாகேஷோட துள்ளல் தெரிஞ்சே இருக்காது. சிறுவனா நாடகக் கம்பெனியில சேர்ந்து, பெண் வேஷம் உட்பட எல்லாம் கட்டி வளர்ந்தவர் அவர். எப்போ எதிராளிக்கு இடம் விடணும்ங்கறது மேடை கத்துக்கொடுக்கற விஷயம்.

பாஞ்சாலி கேட்ட கேள்விகள்

இப்ப எல்லாத்தையும் ஒரே காட்சியில பார்ப்போம். துகில் உரிதல். திரௌபதி அம்மன் கோயில் கூத்துகள்ல முக்கியமான ராத்திரி இது.

பாஞ்சாலிக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இது நிக்கணும். ஆனா பாரதக் கதையில அவ எத்தனை வழியை முயற்சி பண்றான்னு பாருங்க. முதல்ல சட்டத்தைக் கேக்கறா: தன்னைத் தோத்தவன் அப்புறம் என்னைப் பணயம் வைக்க முடியுமா? நான் உங்களை மடக்கறேன். சபையில பதில் இல்ல. அடுத்து, பெரியவங்களைப் பார்த்து, இது தர்மமான்னு கேக்கறா. நான் உங்களைக் கூசவைக்கறேன். தலைகுனியறாங்க, ஆனா எழுந்திருக்கல. அப்புறம், மாதவிலக்குல ஒற்றை ஆடையோட இருக்கேன்னு சொல்றா. நான் உங்களை இரங்கவைக்கறேன். அதுவும் நடக்கல. கடைசியில மனுஷங்களையே விட்டுட்டு கண்ணனைக் கூப்பிடறா.

நடிப்புப் பாடமா பார்த்தா இது தங்கம். குறிக்கோள் மாறவே இல்ல, வினைச்சொல்தான் மாறிட்டே இருக்கு. அது எப்போ மாறணும்? முந்தினது பலிக்கலன்னு எதிராளி முகத்துல தெரியும்போது. அதனாலதான் பார்க்காம நடிக்க முடியாது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி சொன்ன, எதிராளிக்குத் தக்கபடி மாத்திக்கறது இதுதான்.

துச்சாதனன் பக்கமும் யோசிங்க. அவர் சும்மா உறுமிட்டே இருந்தா பாஞ்சாலிக்குப் பிடிச்சிக்க ஒண்ணும் இருக்காது. ஒவ்வொரு கேள்வியும் அவரை ஒரு நொடியாவது உரசணும், அப்புறம்தான் அவர் மீறணும். வில்லன் கொஞ்சமும் அசையலன்னா கதாநாயகி பேசினது வீண்.

கற்பூரம் எதுக்கு?

இப்ப அந்த அறைக்கு வருவோம்.

அந்த ஊருக்கு திரௌபதி வெறும் பாத்திரம் இல்ல, சாமி. விழா முடிவுல, படுகளத்துல, மண்ணுல செஞ்சு படுக்க வச்ச துரியோதனன் உருவத்துக்கிட்ட அவ சபதம் முடிஞ்சு கூந்தல் முடிவா. அப்புறம் ஊர் தீ மிதிக்கும். அப்படின்னா துச்சாதனன் கட்டறவர் ஊர் கும்பிடற அம்மன் புடவையில கை வைக்கணும். அந்த இடத்துல ஆட்டம் நிக்கும். கற்பூரம் ஏத்துவாங்க. துச்சாதனன் வேஷக்காரர் கும்பிட்டு மன்னிப்பு கேட்டுக்குவார். அப்புறம்தான் காட்சி. அதுக்கப்புறம் அவருக்கு ஆவேசம் வர்றதும் உண்டு. வந்தா பிடிச்சு நிறுத்த ஆளுங்க பக்கத்துல இருப்பாங்க.

பக்தியைத் தள்ளி வச்சு, தொழில்முறையா மட்டும் பார்த்தாலும் இது அபாரமான ஏற்பாடு. 'நான் இப்ப செய்யப்போறது உனக்கு எதிரா இல்ல. கதைக்காக. எல்லாரும் சாட்சி.' இந்த ஒப்பந்தம் இருக்கறதாலதான் அடுத்த அரை மணி நேரம் அவ்வளவு உக்கிரமா போக முடியுது.

ஒப்பந்தம் இல்லாம போனா என்ன ஆகும்? 1972ல வந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்துல ஒரு பாலியல் வன்முறைக் காட்சி. அதோட ஒரு விவரத்தை இயக்குநர் பெர்டோலுச்சியும் நடிகர் மார்லன் பிராண்டோவும் தங்களுக்குள்ள முடிவு பண்ணிட்டாங்க. 19 வயசு மரியா ஷ்னைடருக்கு முன்கூட்டிச் சொல்லல. நடிகையோட ரியாக்ஷன் வேணாம், ஒரு பொண்ணோட ரியாக்ஷன் வேணும்னு நினைச்சதா பின்னாடி இயக்குநரே ஒத்துக்கிட்டார். அந்தக் காட்சி தன்னை எவ்வளவு அவமானப்படுத்துச்சுன்னு மரியா 2007ல சொன்னார். அதைச் சுமந்தது அவர்தான்.

நேயர் கேட்டதும் சின்ன அளவுல இதே கணக்குதான்: நிஜமா அடிச்சா நிஜமா ரியாக்ட் பண்ணுவார். ஒரு தடவை பண்ணுவார், சரி. ஆனா அடுத்த ஒத்திகையிலேர்ந்து அவர் உடம்பு உங்க கையை மட்டும்தான் கவனிக்கும். உங்க வார்த்தை அவருக்குக் கேக்காது. கம்பம் இன்னும் கெட்டியாகும். நீங்க ஒரு ரியாக்ஷனை வாங்கி, ஒரு சக நடிகரை இழந்துட்டீங்க.

மேடைச் சண்டை சொல்லித்தர்றவங்ககிட்ட ஒரு அழகான விதி உண்டு: வலி வாங்கற மாதிரி நடிக்கறவர் கையிலதான் கட்டுப்பாடு இருக்கணும். கூந்தலைப் பிடிச்சு இழுக்கற காட்சியை எடுத்துக்கங்க. இழுக்கறவர் முடியைப் பிடிக்கறதே இல்ல. மூடின கையைத் தலைமேல வைக்கறார், அவ்வளவுதான். இழுபடறவர் தன் ரெண்டு கையால அந்த மணிக்கட்டைப் பிடிச்சுத் தலையோட அழுத்திக்கிட்டு, தானே நகர்றார். எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எப்போ நிக்கணும், எல்லாம் அவர் கையில. பார்க்கறவங்களுக்கு அவரைத் தரதரன்னு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும். உண்மையில இழுபடறவர்தான் இழுக்கறவரைக் கூட்டிட்டுப் போறார். அறையும் அப்படித்தான். கை முகத்துக்கு முன்னாடி காத்துல போகும், சத்தம் வேற ஒரு கைதட்டல்லேர்ந்து வரும்.

வர்ற வாரத்துக்கு

நேயருக்கும், நாடகம் போடற எல்லாருக்கும் நாலு விஷயம்.

ஒண்ணு. ஸ்கிரிப்ட்டை எடுத்து உங்க ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல "நான் உன்னை..."ன்னு ஒரு வினைச்சொல் எழுதுங்க. பக்கம் பூரா ஒரே சொல் வந்தா, அங்கதான் நீங்க ஒரே உயரத்துல கத்திட்டிருக்கீங்க.

ரெண்டு. ஒத்திகைக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் அந்த நீலச் சட்டைப் பயிற்சி. போன் சைலன்ட்ல.

மூணு. எதை எங்க தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு வாய்விட்டுப் பேசி முடிவு பண்ணுங்க. உங்க கற்பூரம் அதுதான். முடிவு பண்ணினதை மேடையில மாத்தாதீங்க.

நாலு. சக நடிகருக்கு நீங்களே நோட்ஸ் கொடுக்காதீங்க. அது இயக்குநர் வேலை. "நீங்க ரியாக்ட் பண்ணவே மாட்டேங்கறீங்க"ன்னு சொன்னா அவர் இன்னும் இறுகிடுவார். கல்லு மாதிரி நிக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் திமிர்ல நிக்கல, பயத்துல நிக்கறாங்க. அடுத்த வசனம் மறந்துடுமோங்கற பயம். அதுக்குப் பதிலா, "இந்த இடத்துல நான் என்ன பண்ணினா உங்களுக்கு உதவியா இருக்கும்?"னு கேட்டுப் பாருங்க.

அடுத்த கோடையில திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கம் பஸ்ல போகும்போது பாரதக் கூத்துன்னு நோட்டீஸ் கண்ணுல பட்டா, ஒரு ராத்திரி இறங்கி உட்காருங்க. கொசுவத்தியும் ஒரு போர்வையும் எடுத்துட்டுப் போங்க. பேசறவரைப் பார்க்காதீங்க, அவர் எதிர்ல பேசாம நிக்கறவரைப் பாருங்க. ஏதாவது கண்ணுல பட்டா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதைப் போட்டுக் கேப்போம். வர்றேன்.